எட்டாம் பருவம்

தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் அப்பெயர்களை நாம் பள்ளியிலே மனனம் செய்தோம். இன்று நம் மாணவருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். நூல்களிடையே வயதெல்லை சிறிது வேறுபடினும், ஐந்து வயதில் தொடங்கும் இவ்வரிசை நாற்பதோடு முடிந்துவிடுகிறது என்பதே பெருவழக்கு. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியிலே பவனி வரும்போது அவனைக் கண்டு மயங்குவோர் இந்த எழுவரே. நாற்பதைக் கடந்தவளுக்கு அவ்வீதியில் இடமில்லை, இலக்கணத்தில் பெயருமில்லை.

இது தற்செயலான விடுபாடா? அன்று என்றே நாம் கருதுகிறோம். பவனி வருபவன் ஆண்மகன். அவன் பார்வையிலிருந்து பெண் எண்ணப்பட்டாள். அவன் விருப்புக்கும் குலத்தின் பெருக்கத்துக்கும் உரியவளாக அவள் இருந்த காலம் மட்டுமே பருவம் எனப்பட்டது. மாதவிடாய் மெல்ல ஓயத் தொடங்கி, உடலும் உள்ளமும் ஒருசேர அலைக்கழியும் நாற்பதுகளின் பிற்பகுதி அவ்வெண்ணிக்கைக்கு அப்பால் நின்றது. பெயரில்லாத துன்பம் சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாத துன்பத்துக்குத் துணை நிற்பாரும் இல்லை. இந்த எட்டாம் பருவத்தின் வரலாற்றை, நாமறிந்த தீவகத்து வாழ்க்கையை மையமாகக் கொண்டு, ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளை ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப் பெயர்களால் அழைத்தனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. பெயர்கள் மாறின, ஆட்சிகள் மாறின. ஆயினும் இத்தீவுகளிற் பெண்ணுடலை ஆண்ட சட்டம் ஒன்றாகவே நீடித்தது. பெண் சாமத்தியப்பட்டால் ஊர் அறியும். தண்ணீர் வார்ப்பும் சடங்கும் நிகழும், மாமன் வருவார், பலகாரம் பகிரப்படும். அவள் பிள்ளை பெற்றால் முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும். மாதந்தோறும் வரும் துடக்கு அவளைக் கோயிலுக்கும் அடுக்களைக்கும் புறத்தே நிறுத்தும். உதிரம் தொடங்குவதற்குச் சடங்கு உண்டு. தொடர்வதற்கு விலக்கு உண்டு. நின்றுபோவதற்கு மட்டும் எதுவுமில்லை. அந்த மாற்றத்தை வீட்டாருக்கு முன்னரே அறிந்திருக்கக் கூடியவள் துடக்குத் துணி வெளுத்த ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணேயாவாள். அவளது அறிவை எவர்தாம் கேட்டார்?

இளமையின் முடிவைப் பெண்ணின் விடுதலையாகக் கண்ட கதைகள் நம் மரபில் இல்லாமலில்லை. மணவாழ்வை விரும்பாத ஒளவை விநாயகரை வேண்டி முதுமையை வரமாகப் பெற்றாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. கணவனால் விடப்பட்ட காரைக்கால் அம்மையார் தம் தசைப் பொதியை உதறிப் பேயுருப் பெற்றதைப் பெரியபுராணம் கூறும். இக்கதைகள் உணர்த்தும் சமூக உண்மை ஒன்றுண்டு: பெண் பொதுவெளியிற் பாடவும் நடக்கவும் வேண்டுமாயின் முதலில் தன் இளமையை இழக்கவேண்டும். ஒளவைக்கும் அம்மையாருக்கும் அது ஒரு கணத்தில் நிகழ்ந்தது. நம் தாய்மாருக்கோ அது நான்கைந்து ஆண்டுகளாக, உறக்கமற்ற இரவுகளாக நிகழ்கிறது. அந்த இடைவழியைப் பற்றிப் புராணமும் பேசவில்லை.

புராணம் பேசாததைப் பொருளாதாரம் பேசும். தீவகம் மழையை நம்பிய மண், நன்னீர் அரிது, நிலம் சிறிது. ஆகவே கடந்த நூற்றாண்டின் தொடக்கந்தொட்டே ஆண்கள் வெளியே சென்றனர். சிலர் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிப் போயினர். மிகப் பலர் கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகரங்களிலும் கடை வைத்தனர், கடைகளிற் சிப்பந்திகளாயினர். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு என்னும் ஊர்ப் பெயர்களை அறியாத வணிக வீதி கொழும்பில் இருந்ததில்லை. கணவன் தைப்பொங்கலுக்கோ கோயிற் கொடியேற்றத்துக்கோ வருவான், பின் போய்விடுவான். வீடும் வளவும், ஆடும் மாடும், மாமியாரின் மூப்பும் பிள்ளைகளின் படிப்பும் மனைவியின் தலையில் இருந்தன. தபாலில் வரும் காசுக் கட்டளையே தாம்பத்தியத்தின் சாட்சியாக இருந்த குடும்பங்கள் எத்தனை!

இவ்வமைப்பில் எட்டாம் பருவம் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இரவில் திடீரென மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பின் குளிர்கிறது. நெஞ்சு படபடக்கிறது. காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. காரணமின்றிச் சினமும் வருகிறது. பிள்ளைகளின் பெயர்கூட ஒருகணம் நாவில் வரமறுக்கிறது. அவள் சொல்லுவது ஒரே வார்த்தை: “அந்தரமாய்க் கிடக்கு.” யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் இந்த ‘அந்தரம்’ என்னும் சொல்லுக்குள்ளே பதற்றம், தனிமை, காரணந் தெரியாத அச்சம் அனைத்தும் அடங்கும். மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையே பிடிப்பின்றித் தொங்கும் நிலை அது. நம் புலவர்கள் பெயரிடாத பருவத்துக்கு நம் தாய்மார் தாமே இட்ட பெயர் எனவும் இதனைக் கொள்ளலாம். ஆனால் அதைக் கேட்பதற்குக் கணவன் வீட்டில் இல்லை. அவன் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஐம்பத்தைந்தில் ஊர் திரும்பும்போது, மனைவியை ஏறக்குறைய ஓர் அந்நியளாகக் காண்கிறான். “முந்தி இப்படி இருந்தவள் இல்லை” என்கிறான். முந்தி எப்படி இருந்தாள் என்பதை அவன் எந்நாளிற் கண்டான்?

அந்தரத்துக்கு ஊர் சொன்ன விளக்கங்கள் மூன்று. முதலாவது, பித்தம். நம் வைத்திய மரபு நடுவயதைப் பித்தத்தின் ஆட்சிக் காலமாக வகுத்தது. எரிவும் சினமும் உறக்கமின்மையும் பித்தத்தின் குணங்கள். ஆகவே பரியாரியார் எண்ணெய் முழுக்கும் சீரகமும் மோரும் இளநீரும் சொன்னார். இதனை இகழ்தல் தகாது. உடலின் துன்பமும் உள்ளத்தின் துன்பமும் ஒன்றே என்னும் உணர்வு அங்கே இருந்தது. உடம்பைக் குளிரச் செய்யும் பரிவும் இருந்தது. ஆனால் பரிவுக்கும் ஓர் எல்லையை நம் சமுதாயம் வகுத்திருந்தது. உடல் குளிரத் தண்ணீர் வேண்டும். தீவகத்தில் நன்னீர்க் கிணறு சாதியின் உடைமையாக இருந்தது. புங்குடுதீவிலே கோயில் நன்னீர்க் கிணற்றில் எல்லாரும் அள்ளும் உரிமைக்காக 1971ஆம் ஆண்டில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடித் தாக்கப்பட்டார் என்பதை நாம் மறந்துவிடவில்லை. குடிக்கும் நீருக்கே குடத்தை ஏந்தி நின்று, பிறர் வார்க்கக் காத்திருந்த பெண்ணுக்கு எண்ணெய் முழுக்கு எங்ஙனம் வாய்த்திருக்கும்?

இரண்டாவது விளக்கம், பேய் அல்லது செய்வினை. நூல் கட்டினர், பார்வை பார்த்தனர், கழிப்புக் கழித்தனர். கோயிலில் பறையும் உடுக்கும் ஒலிக்கக் கலை வந்து ஆடிய நடுவயதுப் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். மூடநம்பிக்கை என்று இதனை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஆண்டு முழுவதும் வாய் திறவாத ஒருத்தி, அந்த ஒரு நாழிகையில் மாமியாரையும் மைத்துனனையும் ஊர்ப் பெரியவரையும் ஒருமையில் விளித்து ஏசுகிறாள். அவர்கள் கைகட்டிக் கேட்கின்றனர். பேசுவதற்கு வேறிடம் இருந்திருந்தால் அவளுக்குக் கலை வரவேண்டிய தேவை இருந்திராது.

மூன்றாவது விளக்கம் மிகக் கொடியது. அது ‘விசர்’ என்னும் ஓரசைத் தீர்ப்பு. பித்தத்துக்கு மருந்துண்டு, பேய்க்குக் கழிப்புண்டு. விசரி என்று பெயரெடுத்தவளுக்கு மகளின் கலியாணப் பேச்சிலிருந்து மறைந்திருப்பதே கதி.

மேலைநாட்டு மருத்துவம் இவ்விருளைப் போக்கியிருக்கவேண்டும் என நாம் எதிர்பார்ப்பது இயல்பு. உண்மையில் நிகழ்ந்தது வேறு. 1821இல் கார்டான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மாதவிடாயின் முடிவைக் குறிக்கும் ‘மெனோபோஸ்’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1857இல் இலண்டனில் எட்வர்ட் ரில்ற் என்னும் மருத்துவர் பெண்ணின் இந்த வாழ்க்கை மாற்றம் குறித்து ஒரு பெருநூலை வெளியிட்டார். அதே 1857இல் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்துக் காட்டிய அப்பெருமகனுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் தகும்: பெண்ணுடலைப் பற்றிய நவீன அறிவு நம் மொழிக்குள் பிரசவத்தின் வாயிலாகவே நுழைந்தது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென எழுந்த மிஷன் வைத்தியசாலையும் பிள்ளைப்பேற்றுக்கே பேர்பெற்றது. அந்நாளில் பேறுகாலத்தில் மாண்ட தாய்மாரின் தொகையை எண்ணும்போது இதிற் குற்றங்காண இயலாது. முதலில் உயிரைக் காக்கவேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலோ எட்டாம் பருவம் பைத்தியக்கார விடுதியின் பதிவேட்டில் ஏறியது. ஜெர்மானிய மனநோய் அறிஞர் கிரப்பெலின் 1896ஆம் ஆண்டுப் பதிப்பில், முதுமையின் வாயிலில் வரும் கடுஞ்சோர்வைத் தனியொரு நோயாக வகுத்தார். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நாற்பதுகளையும் ஐம்பதுகளையும் எய்திய பெண்களின் மீது அந்நோய்ப் பெயர் ஒட்டப்பட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் வகைப்பாட்டிலிருந்து அதனை நீக்கிற்று. நம்மூர் ‘விசரி’ என்ற தீர்ப்புக்கும் அந்நாட்டுப் பேராசிரியரின் தீர்ப்புக்கும் இடையே மொழி வேறுபாடு இருந்தது. கருணையில் வேறுபாடு அதிகமில்லை.

விடுதிக்குப் பின் சந்தை வந்தது. 1929இல் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு பிரித்தெடுக்கப்பட்டது. 1942இல் கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து செய்த மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் றொபேட் வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், மாதவிடாய் நின்ற பெண் குறைபட்டவள், மாத்திரையால் அவளை என்றும் பெண்ணாகவே வைத்திருக்கலாம் என்று நூலெழுதிப் பெரும்புகழ் பெற்றார். அவர் மருந்துக் கம்பனிகளிடம் பணம் பெற்றவர் என்பது பின்னர் வெளிவந்தது. உலாவின் தலைவன் பார்த்த அதே பார்வையைத்தான் கம்பனியும் பார்த்தது: இளமை உள்ளவரையே பெண். 2002இல் அமெரிக்காவின் பேராய்வு ஒன்று, கூட்டுச் சுரப்பு மாத்திரையால் மார்புப் புற்றும் இதய நோயும் கூடுவதைக் கண்டு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. உடனே உலகெங்கும் மருத்துவர்கள் அச்சங்கொண்டு மாத்திரையையே கைவிட்டனர். பிந்திய ஆராய்ச்சியோ, அறுபது வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டு கழியாத பெரும்பாலான பெண்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், நன்மை மிகுதி என்று தெளிவுபடுத்தியது. அறிவியல் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, மெல்ல நடுநிலைக்கு வருகிறது. அதன் ஒவ்வொரு சாய்விலும் உறக்கமிழந்தவர்கள் பெண்களே.

இன்று நாம் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். இது நோயன்று, பருவமாற்றம். சுரப்பு ஒரே நாளில் வற்றுவதில்லை. சில ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் அலைகிறது. அவ்வலைச்சல் உடல் வெப்பத்தை ஆளும் மூளைப் பகுதியையும் உறக்கத்தையும் மனநிலையையும் தாக்குகிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வாராதபோதே அது முடிந்ததெனக் கொள்ளுவர். இம்மாற்றத்தின்போது மனச்சோர்வு தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. முன்னர் மனச்சோர்வுற்றவர்க்கும் பெருந்துயர் கண்டவர்க்கும் இன்னும் மிகுகிறது. ஆகவே இதனைப் பைத்தியம் என்றவர்களும் பிழைத்தனர். ஒன்றுமில்லை, வயதுக் கோளாறு என்றவர்களும் பிழைத்தனர்.

சமூக நிலை இத்துன்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. 1975இல் மார்ஷா பிளின்ற் என்னும் மானிடவியலாளர் வடஇந்திய ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதினார். முகத்திரைக்குள் வாழ்ந்த அவர்கள் மாதவிடாய் நின்றபின் திரை நீங்கி ஆண்களோடு அமர்ந்து பேசும் உரிமை பெற்றனர். அவர்கள் துன்பம் பெரிதாகச் சொல்லவில்லை என்று அவர் கண்டார். பிற்கால ஆய்வுகள் இந்தியப் பெண்களிடையே எரிவும் உறக்கமின்மையும் மூட்டு வலியும் பரவலாக இருப்பதைக் காட்டியுள்ளன. எனவே அம்முடிவை எல்லார்க்கும் பொதுவாக்குதல் தவறு. ஆயினும் அதன் உட்பொருள் நிலைக்கும்: உரிமையும் மதிப்பும் கூடும் இடத்தில் பருவமாற்றம் இலேசாகிறது, தனிமையும் அவமதிப்பும் கூடும் இடத்தில் அது பாரமாகிறது.

இங்கே நம் நாட்டு வரலாற்றின் ஒரு பெரிய திருப்பத்தைக் குறிப்பிட்டாகவேண்டும். 1946ஆம் ஆண்டளவில் இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு நாற்பத்திரண்டு ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. ஆண்களினதிலும் அது குறைவு. குழந்தை மரணமும் சேர்ந்த கணக்கு இது என்பதை மறவாமல் நோக்கினும், எட்டாம் பருவத்தை எட்டாமலே மாண்ட தாய்மார் மிகப் பலர் என்பது வெளிப்படை. 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, கிராமந்தோறும் சென்ற குடும்பநல மருத்துவிச்சி, 1945இன் இலவசக் கல்வி, அதன்பின் வந்த மலேரியா ஒழிப்பு ஆகியவை கூடி நிலைமையை மாற்றின. இன்று இலங்கைப் பெண் ஏறத்தாழ எண்பது ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம். மாதவிடாய் நின்றபின் அவளுக்கு முப்பது ஆண்டு வாழ்க்கை உண்டு. இம்முப்பது ஆண்டும் எந்தத் தெய்வமும் தந்த வரமன்று. மக்களின் போராட்டமும் பொதுச் சுகாதாரமும் ஈட்டித் தந்த செல்வம். ஈட்டிய செல்வத்தை அந்தரத்தில் கழிக்கவிடுவது முறையோ?

தீவகத்துப் பெண்ணுக்கோ அந்தரம் உடலிலிருந்து மட்டும் எழவில்லை. 1983இல் தென்னிலங்கையில் கடைகள் எரிந்தன; கணவன்மார் வெறுங்கையோடு திரும்பினர், அல்லது திரும்பவேயில்லை. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் மீளவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளின் பெரும்பகுதி மக்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தனர். பிள்ளைகள் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் கனடாவுக்கும் சென்றனர்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 1990இல் இருபது வயதில் கணவனையோ அண்ணனையோ பறிகொடுத்தவளுக்கு 2018இல் நாற்பத்தெட்டு வயது. அன்று நாற்பத்தெட்டு வயதில் மகனைப் பறிகொடுத்தவள் இன்று எண்பதைக் கடந்தவள். ஒருத்திக்குப் பழைய துயர் பருவமாற்றத்தோடு வந்து கலந்தது. மற்றவளுக்குப் பருவமாற்றமே துயரினுள் அமிழ்ந்து அடையாளமற்றுப் போயிற்று. காணாமற்போனவரின் மனைவி பொட்டு வைப்பதா அழிப்பதா என்று அறியாமலே நரைத்தாள். போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய முடிவற்ற இழப்பைத் தனியாக ஆராய்ந்து, இறுதிச் சடங்கு இல்லாத துயர் ஆறுவதரிது என்றார். யாழ்ப்பாணத்திலே போரின் உளவடுவை ஆராய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரம், மனத்துயர் தலையிடியாகவும் நெஞ்சு நோவாகவும் உடல் எரிவாகவும் வெளிப்படுவதை எடுத்துக்காட்டினார். அப்படியாயின் நள்ளிரவில் எழுந்து திண்ணையில் வந்து அமரும் நம் தாயின் நெஞ்சில் எரிவது சுரப்பின் அனலா, இழப்பின் அனலா? இரண்டையும் பிரிக்க முயல்வதே பிழை. உடலுக்கு மருந்தும் துயருக்குச் செவியும் ஒருங்கே வேண்டும்.

நாம் கண்ட வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பருவமாற்றம் இயற்கையின் செயல்; அதனோடு வந்த தனிமை மனிதரின் செயல். ஆணின் பார்வையால் அளந்த இலக்கணமும், கணவனைப் பிரித்த பிழைப்பும், நீரைப் பிரித்த சாதியும், இளமையை விற்ற சந்தையும், மகனைப் பறித்த போரும் அத்தனிமையைச் செய்தன. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

வீட்டிலே தொடங்குவோம். தாயோ மனைவியோ சகோதரியோ அந்தரம் என்று சொன்னால், அதை முதலில் நம்பவேண்டும். “உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்பது ஆறுதலாகாது, அது வழக்கு விசாரணை. “என்னணை அம்மா செய்யுது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் இருப்பதே ஆறுதல். அவளது சினம் நம்மீது பாயும் நாளில், அதற்கு மறுமொழி தேடாமல் அன்றைய சமையலையும் தண்ணீரையும் நாம் ஏற்றுக்கொள்ளலாம். இரவில் உறக்கமிழந்தவளைக் காலை நான்கு மணிக்கு இடியப்பம் அவிக்க எழுப்பாத வீடே அன்புள்ள வீடு. ஓய்ந்து திரும்பிய கணவன், தான் இல்லாதிருந்த ஆண்டுகளைப் பற்றி அவளிடமே கேட்டறியலாம். இருபது ஆண்டுக் கடிதங்களில் எழுதப்படாதது அவளிடம் நிறைய உண்டு. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் ‘காசு வந்ததா’ என்ற கேள்விக்கு முன்னால் ‘நித்திரை வந்ததா’ என்று கேட்கலாம்.

அன்பு மட்டும் போதாத நிலையும் உண்டு. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலும் விடாது நீடித்தாலோ, உணவு வெறுத்தாலோ, வாழ்வதிற் பயனில்லை என்ற சொல் வாயில் வந்தாலோ, நாளை என்று தள்ளாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லவேண்டும். நின்றுபோன உதிரம் ஓராண்டுக்குப் பின் மீண்டும் கண்டாலும் அவ்வாறே. கூட்டிச் செல்லுதல் என்பது வாசலில் விட்டு வருதல் அன்று. கூடவே இருந்து, அவள் சொல்லத் தயங்குவதை, அவள் இசைவோடு, எடுத்துச் சொல்லுவதாகும்.

இங்கேதான் தனிமனித அன்பு பொதுக் கோரிக்கையாக மாறுகிறது. நெடுந்தீவுப் பெண்ணொருத்தி சிறப்பு மருத்துவரைக் காணவேண்டுமாயின் ஒரு மணிநேரம் கடலில் வந்து, குறிகட்டுவானில் பேருந்து பிடித்து, யாழ்ப்பாணம் போகவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதுவும் இல்லை. ‘அந்தரமாய்க் கிடக்கு’ என்பதற்காக எந்தக் குடும்பம் ஒரு நாட் கூலியை இழக்கும்? முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கான சுகநலப் பரிசோதனை இந்நாட்டில் 1996இலிருந்து நடைபெறுகிறது. புற்றையும் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் தேடும் அந்த நாளிலே உறக்கத்தையும் மனத்தையும் பற்றி இரு கேள்விகள் தவறாது கேட்கப்படவேண்டும். உளநல மருத்துவர் மாதமொருமுறையேனும் படகேறித் தீவுகளுக்கு வரவேண்டும். பிரசவத்துக்காக வீட்டுப் படலை திறந்து வந்த மருத்துவிச்சி இந்நாட்டின் தாய்மரணத்தை வென்றாள். அதே படலையை எட்டாம் பருவத்துக்காகவும் அவள் திறக்க, அரசு ஆளணியும் நேரமும் ஒதுக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. எழுவகைப் பருவத்தை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நாளில், “நாற்பதுக்குப் பின் என்ன, சேர்?” என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். அக்கேள்வியைச் சிரித்துத் தள்ளாதிருப்போம். பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவரையும் பெற்று வளர்த்தவள் அவள் என்று சொல்லுவோம். அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளை, அடுக்களையில் முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்கும் தன் தாயைச் சற்று நின்று பார்க்கட்டும். கையிலிருக்கும் அகப்பையை வாங்கிக்கொண்டு, “இருங்கோ அம்மா” என்று சொல்லட்டும்.